ஐந்தாவது பேரிக்காய்

காரைக்காலில் அரசலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மீன் லாரிகள் திரும்புகிற முக்கிலிருந்து மூன்றாவது கட்டடமாக இருக்கிற செசிலியின் மாவு மில்லில், மிளகாய் எந்திரத்துக்கும் அரிசி எந்திரத்துக்கும் நடுவிலுள்ள சுவரில், ஒரு பிரெஞ்சுக்காரன் வரைந்த படம் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை, நீலக் கூஜா, பாதி தோலுரித்த எலுமிச்சை, அதன் பக்கத்தில் கத்தி, ஒரு தட்டில் பேரிக்காய்கள், அவ்வளவுதான் படம். வரைந்து முடித்தபோது தட்டில் ஏழு காய் இருந்தன. செசிலி வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் மூன்று இருந்தன. வெரோனிக் என்ற பெண் பிரான்சிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கு இரண்டு இருந்தன. மிச்ச ஐந்தும் தெருவின் வயிற்றுக்குள் போயிருந்தன.

படம் வந்த வழியில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே ஜட்ஜாக இருந்த ஒரு துரை தன் ஊரிலிருந்து கப்பலில் வந்தபோது பதினாலு பெட்டிகளோடு அதையும் கொண்டுவந்து சாப்பாட்டு அறையில் மாட்டி, அதன் கீழே உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷம் மீன்குழம்பு சாப்பிட்டார். கொடி இறங்கி அவர் மூட்டை கட்டிய நாளில், கோர்ட்டில் தனக்கு அங்கி மாட்டிவிட்டுக்கொண்டிருந்த சேவகர் சவரிராயனைக் கூப்பிட்டு, படத்தை அவர் கையில் கொடுத்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஒன்று, 'வைத்துக்கொள்' என்று சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் 'துடைத்து வை' என்று சொல்லியிருக்க வேண்டும். சவரிராயன் இரண்டையும் செய்தார். பென்ஷன் வந்ததும் மாவு மில் வைத்தார், படத்தை மில்லில் மாட்டினார், தினமும் சாயங்காலம் அதன்மேல் படிந்த மாவைத் துடைத்தார்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் புயல் வந்து கூரைகளையெல்லாம் ஆற்றுக்குள் கொண்டுபோய்ப் போட்டபோது, சவரிராயனின் மனைவி மதலேனாள் பிரசவித்து மூன்று நாள் ஆகியிருந்தது; அரிசியில் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது, கடை ஒன்றும் திறக்கவில்லை, தாய்க்குப் பால் இல்லாமல் பிள்ளை அழுது ஓய்ந்துபோய்க் கிடந்தது. சவரிராயன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு கையை உள்ளே விட்டார், கை போயிற்று. மாவு மூட்டைக்குள் கை விடுகிற மாதிரிதான் இருந்தது, என்ன, கொஞ்சம் குளிர்ந்திருந்தது என்று பின்னால் சொல்வார். தட்டின் ஓரத்திலிருந்த காயை எடுத்து மனைவிக்குக் கொடுத்தார், அவள் தின்றாள், அன்று மத்தியானமே பால் ஊறியது. படத்தில் காய் இருந்த இடத்தில் தட்டின் விளிம்பு தெரிந்தது. மறைவில் இருக்கப்போகிற விளிம்புதானே என்று விட்டுவிடாமல் வரைந்தவன் அதையும் ஒழுங்காக வரைந்து வைத்திருந்தான்.

தண்ணீர் வடிந்து பார்க்க வந்த பெண்கள், "இனிப்பா இருந்துச்சா?" என்று கேட்டார்கள்.

"இனிப்புதான். கடிக்கிறப்ப கொஞ்சம் மணல் மாதிரி," என்றாள் மதலேனாள்.

மாதா கோயில் சாமியார் வந்து பார்த்து, இதற்கென்று தனி ஜெபம் எதுவும் இல்லை, நன்றி ஜெபம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லி அதையே சொல்லிவிட்டுப் போனார். பள்ளிவாசலிலும் சரி, மாரியம்மன் கோயிலிலும் சரி, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; எல்லோரும் கவலைப்பட்டது இனிமேல் யாருக்குக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான். பேசிப் பேசி, யார் சொன்னது என்று தெரியாமலே ஒரு வழக்கம் உண்டாயிற்று. தனக்கு வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. இன்னொருவருக்கு வேண்டும் என்று கேட்கலாம். பகலெல்லாம் கதவு திறந்து கிடந்தது, படம் எட்டுகிற உயரத்தில் தொங்கியது, யார் வேண்டுமானாலும் கையை விட்டிருக்கலாம், யாரும் விடவில்லை.

அப்படித்தான் இரண்டாவது காய் சொல்தா ரத்தினவேலுவுக்குப் போயிற்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக மர்சேய்த் துறைமுகம், சைகோன் என்று போய்வந்த மனுஷன், சாகக் கிடந்தபோது நாக்குச் செத்துப்போய்க் கஞ்சியைத் துப்பினார் என்று எதிர்வீட்டார் வந்து கேட்டார்கள். அவர் பாதியைத் தின்றுவிட்டு, "இது மர்சேய்ப் பழம் இல்ல, இன்னும் வடக்க," என்று தீர்மானமாகச் சொல்லி, சொன்ன திருப்தியோடு கண்ணை மூடினார். மூன்றாவது, விஷக்காய்ச்சலில் நாற்பது நாள் பேச்சில்லாமல் கிடந்த ஜுபைதா என்ற ஒன்பது வயதுப் பெண்ணுக்கு. அவளுடைய வாப்பா கேட்கவில்லை, மீன்காரப் பெண்கள்தான் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து கேட்டார்கள். அவள் முழுசாகத் தின்றுவிட்டு, "உப்பு போட்டிருக்கலாம்," என்றாள். நாலாவதை, பக்ரீதுக்கு முதல் நாள் கசாப்புக்கடையிலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்த ஓர் ஆடு, கழுத்தை நீட்டித் தானே எடுத்துத் தின்றது. இது முறையா என்று தெரு ஒரு மாதம் விவாதித்தது. ஆட்டால் யாருக்காகவும் கேட்க முடியாது, அதற்காகக் கேட்கவும் ஆள் இல்லை, ஆகையால் அது செய்தது சரிதான் என்று முடிவாகி, அந்த ஆடு பதினோரு வருஷம் மில் வாசலில் தவிட்டைத் தின்றுகொண்டு வாழ்ந்தது.

புயலுக்கு முன்னால் பிறந்த அந்தப் பிள்ளைதான் இன்னாசி. செசிலி அவரைக் கட்டிக்கொண்டு வந்தபோது மாமனார் மில்லையும் படத்தையும் ஒன்றாகத்தான் ஒப்படைத்தார். இன்னாசி பெல்ட்டையும் கல்லையும் பார்த்துக்கொண்டார், செசிலி மாவுக்கு வருகிறவர்களின் வரிசையையும் படத்தையும் பார்த்துக்கொண்டாள். ஆக்னஸ் என்று ஒரு மகள் பிறந்தாள். நல்ல குடும்பம் என்று தெருவில் நாலு பேர் சொல்லும்படி பதிமூன்று வருஷம் போயிற்று.

அந்த வருஷம் ஐப்பசியில் தீபாவளி மாவு அரைத்து அரைத்து மோட்டார் நின்றுபோய், லைன்மேன் வந்து பார்த்து, ஒருவழியாக வேலை ஓய்ந்த மறுநாள் காலையில், செசிலி ஈரத்துணியால் படத்தைத் துடைத்தபோது தட்டில் இரண்டு காய்தான் இருந்தன. அவள் துணியை வைத்துவிட்டு இன்னாசியிடம் போய், "யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"நான் குடுக்கலியே."

"யாரும் வந்து கேக்கல. சாவி உங்ககிட்டதான் இருந்துச்சு."

"நான் எடுக்கல, செசிலி."

அந்த வாரத்தில்தான், மஞ்சள்காமாலையில் கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்திருந்த நர்ஸ் லில்லிபுஷ்பம் எழுந்து நடமாடினாள். செசிலிக்கு முன்னால் இன்னாசி போய்ப் பெண் பார்த்தது லில்லியைத்தான். மில்லுத் தூசி ஒத்துக்கொள்ளாது என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் படுத்திருந்தபோது இன்னாசி கஞ்சிமாவு அரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். அதை வீட்டில் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு. "கீழாநெல்லிதான் தின்னேன், வேற எதையும் திங்கல," என்று லில்லி நடுத்தெருவில் நின்று சொன்னாள். கீழாநெல்லிக் கதை யாருக்கும் ருசிக்கவில்லை. லில்லி மாற்றல் வாங்கிக்கொண்டு வேளாங்கண்ணிப் பக்கம் போய்விட்டாள், போனதே சாட்சி என்று தெரு சொன்னது.

செசிலி சண்டை போடவில்லை, பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அவருக்குச் சமைத்தாள், சட்டை துவைத்தாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துத் தலைமாட்டில் வைத்தாள், பூசைக்குப் போனால் அவருக்குப் பக்கத்தில்தான் முழந்தாளிட்டாள், ஒரு வார்த்தை அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. "அப்பாகிட்ட சொல்லு, கல்லு சூடாயிடுச்சு," என்பாள் மகளிடம். இன்னாசியோ ஒருநாளும் தவறாமல் அவளோடு நேராகவே பேசினார்: "செசிலி, பெல்ட்டை மாத்திட்டேன்." "செசிலி, மழை வர்ற மாதிரி இருக்கு." "செசிலி, நான் எடுக்கல." பதில் வராது, மறுநாளும் பேசுவார். ஆக்னஸ் கல்யாணமாகிப் புதுச்சேரிக்குப் போன பிறகு, மாவு அரைக்க வருகிறவர்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். இட்லிப்பொடிக்கு நிற்கிறவள், "அண்ணே, அக்கா சொல்றாங்க, ரவை பதத்துல எடுக்கணுமாம்," என்பாள். அஞ்சாறு வருஷத்தில் அது மாவு சலிப்பது மாதிரி மில்லின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தார் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எவருக்கும் எவரும் காய் கேட்டு வரவில்லை. அடுத்த காய் எந்த வீட்டைப் பிரிக்குமோ என்ற பயம்.

இப்படிப் பத்தொன்பது வருஷம் ஆன ஆடி மாதத்தில்தான் வெரோனிக் வந்தாள். நாற்பது வயதிருக்கும், பருத்திச் சேலை, தோளில் பெரிய பை, பேச்சு அசல் புதுச்சேரிப் பேச்சு.

"அம்மா, நான் பொறந்தது முதலியார்பேட்டை. இப்ப பிரான்சுல ஒரு சின்ன ஊர் மியூசியத்துல வேலை. இந்தப் படத்தை வரைஞ்ச ஆள் எங்க ஊர்க்காரர். உயிரோட இருந்தப்ப யாரும் சீண்டல. இப்ப அவர் வரைஞ்சதை எல்லாம் தேடிச் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கிறோம். நாலு மாசம் வச்சிருந்துட்டு பத்திரமா திருப்பித் தந்துடுவோம்."

அவள் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தாள். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர் டவுன்ஹாலில் இந்தப் படத்தை வைத்தபோது எடுத்தது. கூஜாவைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், துணியின் மடிப்பை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாம் ஒத்துப்போவுது. காய்தான் இடிக்குது. இதுல ஏழு இருக்கு."

"தின்னுட்டோம்," என்றாள் செசிலி.

வெரோனிக் பேனாவை எடுத்தாள். "யாரு யாரு? எந்த வருஷம்?"

"நம்பறியாம்மா?"

"எங்க படிவத்துல காரணம் கேக்கலம்மா. படம் யார் கையில இருந்துச்சு, எங்க மாட்டியிருந்துச்சு, அதுல என்ன மாறுச்சு, யாரால மாறுச்சு, இதான் கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வேணும், ஒரு சாட்சி வேணும். ஒரு காய்க்கு ஆள் இல்லேன்னாலும் இது வேற படம்னு எழுதி ஒதுக்கிடுவாங்க. தின்னவங்க பேரையெல்லாம் படத்துக்குப் பக்கத்துல செவுத்துல எழுதி வைப்போம்."

இந்தக் கடைசி வாக்கியம் பாலம் தாண்டிப் போய்விட்டது. மறுநாள் காலையில் ஐந்து காய்க்கு நாற்பத்து மூன்று பேர் வந்து நின்றார்கள். தாத்தா தின்றார், அத்தை தின்றாள், நானே சின்ன வயசில் தின்றேன், கனவில் தின்றேன், தின்றதாக அம்மா சொல்லியிருக்கிறாள். வெரோனிக் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாகிவிட்ட ஜுபைதா லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நீ பொறந்ததே எண்பத்திரண்டுலடா, எழுபதுல எப்படித் தின்ன?" என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டினாள். ஆட்டுக்குப் பெயர் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பெயரில்லாமல் சுவரில் எப்படி ஏற்றுவது என்று கசாப்புக்கடைக்காரரின் மகன் ஆதங்கப்பட, செத்து இருபத்து மூன்று வருஷம் ஆன ஆட்டுக்கு அன்று மத்தியானம் சுல்தான் என்று பெயர் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் நாலு காய் முடிந்தது. ஐந்தாவதுக்கு, அத்தனை கூட்டத்தில் ஒருவர்கூட உரிமை கேட்கவில்லை.

அரிசி எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னாசி அதன் பக்கத்தில் நின்று மாவைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். செசிலி வெரோனிக்கின் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள்: "லில்லிபுஷ்பம்னு எழுதிக்கம்மா. நர்ஸு. போன வருஷம் இறந்துட்டா."

"சாட்சி?"

"நான்தான்."

"எழுதாதம்மா," என்றார் இன்னாசி, எந்திரச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி. "அது நெசம் இல்ல."

"அவர்கிட்ட சொல்லும்மா, நெசம் எதுன்னு அவரே சொல்லட்டும்."

வெரோனிக் மூன்று நாளில் மில்லின் வழக்கத்தைக் கற்றுக்கொண்டிருந்தாள். "ஐயா, நெசம் எதுன்னு நீங்களே சொல்லணுமாம்," என்றாள்.

"எனக்குத் தெரியாது, செசிலி. பத்தொம்பது வருஷமா தெரியாது."

ஜுபைதா பொறுக்காமல், "இன்னாசி அண்ணே, நீங்களே தின்னதாச் சொல்லிடுங்களேன். தெரு பேரு செவுத்துல ஏறாம நிக்குது," என்றாள்.

"திங்கலியே, ஜுபைதா."

வரிசையில் ஐந்தாவது ஆளாகக் கோதுமைத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தவர் கோதண்டம், மின்சார இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், சனிக்கிழமை தவறாமல் மில்லுக்கு வருகிறவர். அவர் ஏதோ சொன்னார். எந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். இன்னாசி காதில் கையை வைத்துக் காட்டினார். கோதண்டம் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்; அதே நேரத்தில் இன்னாசி சுவிட்சை அணைத்தார்; எந்திரச் சத்தத்துக்கு ஈடாகப் போட்ட அந்தக் கூச்சல் சத்தமே இல்லாத மில்லில் வந்து விழுந்தது.

"நான்தான் தின்னேன், இன்னாசி!"

எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர் கையை நிறுத்தினார். பெல்ட் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"மோட்டார் பாக்க வந்தேன்ல, அன்னைக்கி," என்றார் கோதண்டம், இப்போது தாழ்ந்த குரலில். "நீ பெல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்த. எனக்குப் பசி இல்ல. நோவு இல்ல. வீட்டுல மீன்குழம்பு ஆக்கி வச்சிருந்தாங்க. அழகா இருந்துச்சு, அவ்வளவுதான். கொட்டையைக்கூடத் துப்பல. காலைல வந்து சொல்லிடலாம்னு வந்தேன், அதுக்குள்ள இங்க பேச்சு தடிச்சுப்போச்சு. நாளைக்கிச் சொல்லலாம்னு போயிட்டேன். அப்புறம் வாராவாரம் சொல்லத்தான் வருவேன். கையை வீசிக்கிட்டு எப்படி வர்றதுன்னு கோதுமையைத் தூக்கிட்டு வருவேன். எங்க வீட்டுல ஒருத்தரும் சப்பாத்தி திங்க மாட்டாங்க, இன்னாசி." அவர் செசிலியைப் பார்த்தார். "இத்தனை நாளா உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லத் துணியல, தங்கச்சி. ஆனா செத்தவ தலையில வைக்காதீங்க. அந்தப் பொண்ணு பாவம்."

வெரோனிக் எழுதிக்கொண்டாள்: கோதண்டம், தொண்ணூற்று மூன்றாம் வருஷம்.

"ஆசையில தின்னேன்னும் எழுதிக்கம்மா," என்றார் கோதண்டம்.

"காரணம் கேக்கலங்க ஐயா."

"கேக்காட்டியும் எழுதிக்க."

அவள் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். இன்னாசி கோதண்டத்தின் தூக்கை எடுத்துக் கோதுமையைக் கொட்டி, சுவிட்சைப் போட்டு, அரைத்துக் கொடுத்தார்.

செசிலி உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அவருக்கு முன்னால் போய் நின்றாள். எத்தனையோ வருஷம் உபயோகிக்காத சொல், எங்கே வைத்தோம் என்று தேடி எடுக்கிற மாதிரி நாக்கில் வந்தது. "என்னங்க," என்றாள்.

இன்னாசி அவளைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அடுத்த தூக்கை எடுத்தார்.

அன்றைக்கு நின்றது அவர் பேச்சு. செசிலி வாய் திறந்த நாளில் அவர் வாய் மூடியது. "குழம்பு போதுமா?" என்று கேட்டால் போதும் என்று கையைக் காட்டுவார். கோபமாக இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், அழுது காலைப் பிடித்திருப்பாள். அவர் கோபமாக இல்லை. தெருவில் எல்லோரோடும் பேசினார், கோதண்டத்தோடு உட்கார்ந்து டீ குடித்தார், மகளோடு போனில் சிரித்தார். இரண்டு பேருக்கான பேச்சைத் தனியாகப் பேசித் தீர்த்துவிட்ட மாதிரி, அவளுக்கென்று வைத்திருந்த கையிருப்பு மட்டும் காலியாகிவிட்டிருந்தது. இப்போது செசிலி பேசினாள், தினமும், நேராக: "என்னங்க, கல்லு கொத்துற ஆள் நாளைக்கி வரானாம்." "என்னங்க, மழை வர்ற மாதிரி இருக்கு." "என்னங்க, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது." பதில் வராது. வரிசையில் நிற்கிறவர்கள் பழக்கத்தில், "அக்கா, அண்ணே தலையாட்டுறாரு," என்று சேதி சொல்வார்கள். "எனக்குக் கண்ணு தெரியுது," என்பாள் அவள். பதில் வராத இடத்தில் மறுநாளும் போய்ப் பேசுவதற்கு ஒரு மனுஷனுக்கு என்னவெல்லாம் வேண்டியிருந்திருக்கும் என்பது, பேசப் பேசத்தான் அவளுக்கு விளங்கியது.

ஆவணியில் சென்னையிலிருந்து ஆட்கள் வந்து படத்தைப் பஞ்சில் சுற்றி மரப்பெட்டியில் வைத்தார்கள். சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்று காகிதத்தை நீட்டியபோது செசிலி அதை இன்னாசி பக்கம் தள்ளினாள், அவர் அதை அவள் பக்கம் தள்ளினார், அவள் போட்டாள், அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பெட்டி போன பிறகு சுவரில் மாவு படியாத ஒரு நீளச் சதுரம் இருந்தது. வரிசையில் நிற்கிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

மார்கழியில், கண்காட்சி திறந்ததும், வெரோனிக்கின் முதல் கடிதம் போட்டோக்களோடு வந்தது. வெள்ளைச் சுவர், நல்ல விளக்கு வெளிச்சம், அதில் படம் மாவு வாசனையே இல்லாத மாதிரி இருந்தது. பக்கத்தில் பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர்கள்: மதலேனாள், ரத்தினவேலு, ஜுபைதா, சுல்தான், கோதண்டம். கோதண்டம் தன் பெயர்மேல் விரலை வைத்துப் பார்த்தார், சந்தோஷப்படலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. கசாப்புக்கடையில் ஒரு போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.

மாசியில் இரண்டாவது கடிதம் வந்தது. ஒரு மத்தியானம், மிளகாய் அரைக்க ஆறேழு பெண்கள் நிற்கையில், ஜுபைதா அதை உரக்கப் படித்தாள். தட்டில் இப்போது ஒரு காய்தான் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறந்து பார்த்தபோது குறைந்திருந்தது. அந்த அறையில் பதினோரு வருஷமாக நிற்கிற காவல்காரர்மேல் எல்லோருக்கும் சந்தேகம். அவர் எடுக்கவில்லை என்கிறார். விசாரித்து முடிக்கும்வரை அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். 'மேலே இருப்பவர்கள் என்னைக் கேட்கிறார்கள், என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஊரில் இப்படி ஆனபோது என்ன செய்தீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும், அம்மா.'

ஜுபைதா கடிதத்தை மடித்தாள். எல்லோரும் செசிலியைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

செசிலி மேசை இழுப்பறையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தாள். எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவள் வழக்கம். "அன்புள்ள வெரோனிக்குக்கு. இங்கே இப்படி ஆனபோது, பக்கத்தில் நின்ற ஆளைப் பிடித்துக்கொண்டேன். சாவி அவரிடம் இருந்தது, அதனால் அவர்தான் என்றேன். அவர் இல்லை என்று தினமும் சொன்னார். ஒருநாள்கூட அதை நான் காதில் வாங்கவில்லை. நான் செய்தது தப்பு. உங்கள் ஊரில் அதைச் செய்யாதீர்கள். அந்தக் காவல்காரரை வேலைக்குக் கூப்பிடுங்கள். தின்றவர் யாரோ, அவருக்குச் சொல்ல வாய் வரும்போது வருவார். வராவிட்டால், அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். தெரியாததற்கு ஒரு பெயரை எழுதாதீர்கள்."

அவள் கையெழுத்துப் போடப் போனாள். மிளகாய் எந்திரம் நின்றுவிட்டதை அப்போதுதான் கவனித்தாள். இன்னாசி கையில் மிளகாய்ப்பொடியோடு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"செசிலி," என்றார்.

வரிசையில் யாரோ தும்மினார்கள்.

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருக்காளான்னு கேட்டு எழுது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்டு எழுதினாள். எழுதி முடித்து, "இருந்தா?" என்றாள்.

"அவளுக்குத் தனியா ஒண்ணு எழுதி இதுலயே வையி. வெரோனிக் அவங்க பாஷையில படிச்சுக் காட்டட்டும்."

செசிலி இன்னொரு தாளை எடுத்தாள். பெயர் தெரியாததால் மேலே கொஞ்சம் இடம் விட்டாள். "அன்புள்ள தங்கச்சிக்கு. காரைக்காலிலிருந்து செசிலி எழுதுவது. உன் வீட்டுக்காரர் எடுத்திருக்க மாட்டார். எடுத்திருந்தாலும் அது ஒரு பேரிக்காய். நீ அவரோடு பேசு. இன்றைக்கே பேசு. நான் பத்தொன்பது வருஷம் பேசாமல் இருந்தேன்."

"பதினெட்டே முக்கால்," என்றார் இன்னாசி.

பேனா நின்றது.

"ஐப்பசியிலேருந்து ஆடி. நீயே கூட்டிப் பாரு. கால் வருஷத்தை எதுக்கு ஏத்தி எழுதுற?"

செசிலி பத்தொன்பதை அடித்துவிட்டு, பதினெட்டே முக்கால் என்று திருத்தி எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டு போயிற்று. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேற என்ன எழுத?" என்று கேட்டாள்.

"உனக்குத் தோணறதை எழுது."

முன்னால் நின்ற பெண், மிளகாய் பாதியில் நிற்கிறது, சீக்கிரம் போட்டுவிட்டால் தேவலை என்றாள்.

"இரும்மா, அவ எழுதி முடிக்கட்டும்," என்றார் இன்னாசி. அவர் சுவிட்சுப் பக்கம் போகவில்லை. ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு, மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வரிசையில் நின்றவர்கள் தங்கள் தூக்குகளைக் கீழே வைத்தார்கள்.